மேற்சேரிக் கோழியும் என் தாத்தாவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூர் கிராஞ்சியில் கடைசிக் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி ஓடி முடிந்தது. அந்த நிலம் 2027 மார்ச்சுக்குள் அரசாங்கத்திடம் திரும்பப் போகிறது. பந்தயத் திடலைப் பற்றியும் குதிரைகளைப் பற்றியும் பலரும் எழுதிவிட்டார்கள். பழைய பந்தயப் படங்களில் கடிவாளத்தைப் பிடித்தபடி ஓரத்தில் ஒருவர் நிற்பாரே, அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் தாத்தா புக்கிட் தீமா பந்தயத் திடலின் லாயத்தில் சைஸ் வேலை, அதாவது குதிரையைப் பராமரிக்கும் வேலை, பார்த்தவர். விடிவதற்கு முன்பே லாயத்தில் இருப்பார். தீனி வைத்து, உடம்பைத் தேய்த்துவிட்டு, நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். காலில் சூடு தெரிந்தால் அன்று அந்தக் குதிரை ஓடக் கூடாது. 1950களில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஜெயித்த குதிரை, அதன் முதலாளி, ஜாக்கி, கடிவாளத்துடன் தாத்தா. படத்தின் பின்பக்கம் குதிரையின் பெயர், முதலாளியின் பெயர், ஜாக்கியின் பெயர், ஓடிய தூரம் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. தாத்தாவுக்கு மட்டும் பெயர் இல்லை. 'சைஸ்' என்று போட்டு விட்டுவிட்டார்கள்.

இந்தப் படத்தால்தான் பழைய பந்தய ஓவியங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. அதில் ஒரு வேடிக்கையைச் சொல்லியாக வேண்டும். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ வரைந்த, இங்கிலாந்தின் 1821ஆம் ஆண்டு எப்சம் டெர்பி குதிரைப் பந்தய ஓவியம் இருக்கிறது. குதிரைகள் முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னங்கால்களைப் பின்னே நீட்டி, தரையைத் தொடாமல் பறக்கின்றன. அந்தக் காலத்துப் பந்தய ஓவியர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வரைந்தார்கள். 1878இல் கலிஃபோர்னியாவில் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடுபாதை ஓரம் கேமராக்களை வரிசையாக வைத்தார். பாதைக்குக் குறுக்கே கட்டியிருந்த நூல்களைக் குதிரை அறுத்துக்கொண்டு ஓட ஓட, ஒவ்வொரு கேமராவும் ஒரு படம் எடுத்தது. நான்கு கால்களும் தரையை விட்டு எழும்புவது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கின்றன, நீண்டிருக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக ஓவியர்கள் வரைந்த பாய்ச்சல் எந்தக் குதிரையும் பாயாத பாய்ச்சல். நாள்காட்டியில் அப்படிப்பட்ட படம் வந்தால் "இப்படி ஓடினா வயிறு தரையில இடிக்கும்" என்று தாத்தா சொல்வாராம். அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சைஸுக்கு உரிய இடம் கொடுத்த ஓர் ஓவியத்தையும் கண்டேன். ஆங்கில ஓவியர் ஸ்டப்ஸ், எழுபது வயதைத் தாண்டிய பிறகு வரைந்தது. 1799இல் நியூமார்க்கெட்டில் ஹாம்பிள்டோனியன் என்ற குதிரை கடுமையான போட்டியில் நூலிழையில் வென்றது. ஸ்டப்ஸ் வெற்றிக் கம்பத்தைப் பெரிதாக வரையவில்லை. ஓடிக் களைத்துப்போன குதிரையையும், அதைத் தேய்த்துவிடும் பையனையும், கடிவாளம் பிடித்தவரையும் ஆளுயரத்துக்கு வரைந்தார். குதிரையின் முதலாளியோடு கூலித் தகராறு வந்து வழக்கு வரை போய், ஸ்டப்ஸ்தான் ஜெயித்தார். அந்தப் பையனும் கடிவாளம் பிடித்தவரும் ஓவியத்திலிருந்து நேராக நம்மைப் பார்க்கிறார்கள். நான் பார்த்த பந்தய ஓவியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சரி, நம் பக்கம் வருவோம். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் ஒரு நடுகல் இருக்கிறது. சுமார் 1,500 ஆண்டுப் பழமையானது. அது எந்த வீரனுக்கும் எடுத்த கல் அல்ல, ஒரு சண்டைச் சேவலுக்கு எடுத்தது! கல்லில் சேவலைச் செதுக்கி, முகையூர் மேற்சேரிக் கோழி என்று எழுத்திலும் பொறித்து வைத்திருக்கிறார்கள். களத்தில் விழுந்த ஒரு சேவல் எந்த ஊர், எந்தச் சேரி என்று இன்றைக்கும் நம்மால் படிக்க முடிகிறது. நூறு ஆண்டுகூட ஆகாத ஒரு படத்தில் என் தாத்தா யார் என்பது தெரியவில்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

இந்தத் தீவில் பந்தயம் 1843இல் ஃபேரர் பார்க்கில் தொடங்கியது, லிட்டில் இந்தியா என்னும் நம் தேக்காவுக்குப் பக்கத்திலேயே. 1933இல் புக்கிட் தீமாவுக்கு மாறும் வரை அங்கேதான் நடந்தது. சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்ததும் அதே திடலில்தான், 1911 மார்ச்சில். ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழை இலைச் சாப்பாடு சாப்பிட்டு வருகிறோமே, அந்தப் பெயருக்குப் பின்னால் நம் குடும்பங்களின் உழைப்பும் இருக்கிறது. லாயம் கூட்டியவர்கள், லாடம் அடித்தவர்கள், புல் வெட்டியவர்கள் என்று எத்தனை பேர்!

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபேரர் பார்க், புக்கிட் தீமா, கிராஞ்சி லாயங்களில் வேலை பார்த்தவர்களின் படங்களை அனுப்பும்படி வாசகர்களை அழையுங்கள். வாரம் ஒரு படம் போட்டால்கூடப் போதும். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக முழுமையாகப் போடுங்கள். யார் என்று தெரியாவிட்டால் 'இவரைத் தெரியுமா?' என்று கேட்டுப் போடுங்கள். அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்னும் சிலர் தேக்காவிலும் தோ பாயோவிலும் இருக்கிறார்கள். தாமதித்தால் கேட்க ஆள் இருக்காது. அப்புறம், வீடு மாறும்போது பழைய படங்களைப் பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரரிடம் போட்டுவிட வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படமாக என் தாத்தாவின் படத்தின் நகலை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மூலப் படத்தின் பின்பக்கம், 'சைஸ்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், அவர் பெயரைப் பென்சிலால் எழுதிவிட்டேன். மற்றவர்களும் பென்சிலாலேயே எழுதட்டும். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொத்தோங் பாசிர்