ஒரே பந்தியில் அமர உதவியோருக்கு நன்றி மடல்

மஞ்சக்குப்பம், கடலூர்

பேரன்புடையீர், வணக்கம்.

அக்டோபர் 8 ஆம் நாள், விமானப்படை நாளன்று, மஞ்சக்குப்பத்தில் நாங்கள் கூடிய சந்திப்புக்கு உதவிய அனைவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரே ஹெலிகாப்டர் பிரிவில் பணியாற்றி, ஓய்வுக்குப் பின் கடலூரிலும் புதுச்சேரியிலும் குடியேறிய விமானிகளும் தரைப் பணியாளர்களும் அன்று முதன்முறையாக ஒரே பந்தியில் அமர்ந்து உண்டோம். விமானிகளான அதிகாரிகளுக்கு ஒரு மெஸ் (உணவுக்கூடம்), தரைப் பணியாளர்களான ஏர்மேன்களுக்கு வேறொரு மெஸ் என்றே பணிக்காலம் முழுவதும் வாழ்ந்த எங்களுக்கு அது எளிய செய்தியன்று.

எங்களுக்குள் இருந்த மனக்கசப்பைப் பலர் அறியமாட்டார்கள். விமானி தரையிறங்கியதும் குறையை எஃப்-700 என்னும் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவார். தரைப் பணியாளர்கள் இரவெல்லாம் விளக்கொளியில் அதைத் தேடிச் சரிசெய்து கையெழுத்திடுவார்கள். மறுநாள் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் அவர் தம் உயிரோடு மேலே ஏறுகிறார். இவ்வளவு நம்பிக்கை தேவைப்படும் இடத்தில் சந்தேகம் நுழைந்தால் எப்படியிருக்கும் என்பதை நான் பட்டறிந்தவன்.

1991 இல் நான் எம்ஐ-8 ஹெலிகாப்டரில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், அதாவது அதன் உடற்பகுதியைப் பழுதுபார்ப்பவன். விமானி ஒருவர், வேகம் கூடும்போது அதிர்வு இருப்பதாக எழுதினார். மேலே சுழலும் ஐந்து பிளேடுகளின் நுனியிலும் வெவ்வேறு வண்ணம் பூசி, எஞ்சினை ஓடவிட்டு, காகிதம் சுற்றிய கம்பை மெல்ல அருகே கொண்டுபோனோம். ஐந்து வண்ணங்களும் காகிதத்தில் நெருங்கியே விழுந்தன; பிளேடுகள் ஒரே மட்டத்தில் சுழல்கின்றன என்று அதற்குப் பொருள். ‘குறை காணப்படவில்லை’ என்று எழுதினேன். அவர் மீண்டும் அதையே எழுதினார், நானும் அதையே எழுதினேன். மூன்றாம் முறை, பறக்க மனமில்லாமல் சாக்குச் சொல்கிறார் என்று தேநீர் வேளையில் நான் சொன்னதும், சோம்பலை மையால் மூடுகிறார்கள் என்று அவர் சொன்னதும் இருவர் காதுக்கும் எட்டிவிட்டன.

எங்கள் பொறியியல் அதிகாரி யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லவில்லை. அடுத்த சோதனைப் பறப்பில் என்னையும் ஏற்றிவிட்டார். வேகம் ஏறியதும் முழங்காலில் கட்டியிருந்த குறிப்பட்டையில் பென்சிலால் ஒரு நேர்கோடு இழுக்க முயன்று, அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார் அந்த விமானி. கோடு நெளிநெளியாக இருந்தது. முன்னோக்கிப் பறக்கையில் ஒரு பக்கப் பிளேடுகளுக்கு எதிர்க்காற்று கூடும், மறுபக்கத்துக்குக் குறையும். அதனால் தரையில் ஒழுங்காகச் சுழலும் பிளேடுகூட மேலே தன் குறையைக் காட்டிவிடும். ஒரு பிளேட்டின் பின்விளிம்பில் உள்ள டிரிம் டேப் என்னும் சிறு தகட்டைக் கொஞ்சம் வளைத்ததும் அதிர்வு அடங்கியது. சொன்ன சொல் மட்டும் அடங்கவில்லை. மாற்றலாகிப் போகும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவேயில்லை.

முதல் நன்றி அந்த விமானிக்கே உரியது. முழங்கால் வலியோடு புதுச்சேரியிலிருந்து பேருந்தில் வந்து, அந்நாளில் பதவிப் பெயரால் மட்டுமே அழைத்த என்னை, “வாங்க தம்பி, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது” என்று எல்லோர் முன்னிலையிலும் அழைத்தார். “நானும்தான் சார்” என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. ஐயா, மேலே போய்ப் பார்க்காமலே மூன்று முறை கையெழுத்திட்டது என் பிழை. அதை இங்கே எழுத்திலும் ஒப்புக்கொள்கிறேன்.

பழைய முகவரிகளைத் தேடித் தொலைபேசியில் ஒவ்வொருவரையும் அழைத்த சார்ஜன்ட் நண்பருக்கும், வாடகை வாங்க மறுத்த மண்டப உரிமையாளருக்கும், விடியுமுன் வந்து சமைத்துப் பரிமாறிய எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் என் நன்றி. எங்கள் பொறியியல் அதிகாரி இன்று இல்லை. அவர் இருந்திருந்தால் அமர்ந்திருக்கும் இடத்தில், எங்கள் இருவருக்கும் நடுவே வந்து அமர்ந்து, கடைசிவரை இருந்து உண்டுவிட்டுப் போன அவருடைய துணைவியார் அம்மா அவர்களுக்கு என் வணக்கமும் நன்றியும்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற ஏர்ஃப்ரேம் ஃபிட்டர் ஒருவன்