பாடம் நடத்துறவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாப்பது வயசு தாண்டின சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாசத்துலேர்ந்து படிப்புச் செலவுக்குன்னு அரசாங்கத்துல 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் குடுக்குறாங்க, மறுபடியும் படிங்க படிங்கன்னு எங்க பாத்தாலும் விளம்பரம், சந்தோஷம்தான். ஆனா ராத்திரி ஏழு மணிக்கு மேல எங்களுக்குப் பாடம் எடுக்குறவங்கள யூனிவர்சிட்டி எப்படி வச்சிருக்குன்னு யாரும் பேசக் காணோம்.

நான் வேலை பாத்துக்கிட்டே அக்கவுண்டிங் டிகிரி பார்ட்-டைமா படிக்கிறேன், எங்கன்னு இங்க வேணாம். எங்க லெக்சரர்ங்கள்ல நிறைய பேர் பகல்ல வேற வேலை பாத்துட்டு வர்றவங்க, செமஸ்டருக்கு செமஸ்டர் கான்ட்ராக்ட், கிளாஸ் எடுக்குற நேரத்துக்கு மட்டும்தான் காசு, உக்கார ஒரு டேபிள் கிடையாது, சந்தேகம் கேக்கணும்னா எம்ஆர்டி ரயில் ஸ்டேஷனுக்கு நடக்குற வழியிலதான் கேக்கணும். அப்பவும் நின்னு பொறுமையா சொல்லிக் குடுப்பாங்க பாவம்.

கோபம் எங்க வருதுன்னா, ஸ்லைடு, அசைன்மென்ட் எல்லாம் வேற யாரோ முடிவு பண்ணி அனுப்புறாங்க, நடத்துறவர் ஒரு வரி மாத்த முடியாது. ஜிஎஸ்டி 2023ல 8 விழுக்காடு, 2024ல 9 விழுக்காடுன்னு ஏறியாச்சு, எங்க கேள்வித்தாள்ல இன்னமும் 7லயே நிக்குது. லெக்சரர்கிட்ட கேட்டா, எப்பவோ எழுதிப் போட்டேன் பதிலே வரலன்னாரு. கடைசில ஃபீட்பேக் ஃபாரம் வரும், கடுப்புல எல்லாரும் கம்மியா மார்க் போட்டு விட்டுருவாங்க, அது போய் விழுறது அவர் தலையில.

முழுநேரப் பேராசிரியர்ங்க கதையே அப்படித்தான் இருக்கு. அமெரிக்காவோட யேல் யூனிவர்சிட்டியும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் (என்யுஎஸ்) சேந்து நடத்துன யேல்-என்யுஎஸ் கல்லூரிய மூடப்போறோம்னு 2021 ஆகஸ்ட்ல அறிவிச்சாங்களே, அங்க பாடம் நடத்துனவங்ககிட்ட கலந்து பேசாம, முடிவெடுத்துட்டுதான் சொன்னாங்க, பார்லிமென்ட் வரைக்கும் கேள்வி போச்சு. மூடுனது சரியா தப்பாங்கறது வேற விஷயம். அவங்களுக்கே அப்படின்னா மணிக்கணக்குல வர்றவங்கள யாரு கேப்பா?

டவுன்ஹால் கூட்டம், ஹெச்ஆர் ஈமெயில், வருஷக் கடைசி டின்னர், இதுக்குப் பேரு ஸ்டாஃப் என்கேஜ்மென்ட், அதாவது வேலை பாக்குறவங்களையும் சேத்துக்கிறதுன்னா சிரிப்புதான் வருது. பாடத்திட்டத்தைத் திருத்துற மீட்டிங்ல அந்தப் பாடத்தை நடத்துற பார்ட்-டைம் ஆளுங்க ரெண்டு பேரை உக்கார வைங்க, அந்த நேரத்துக்கும் காசு குடுங்க, சும்மா வாங்கன்னா யாரு வருவாங்க. ஃபீட்பேக் ஃபாரத்தையும் பாடத்துக்கு ஒண்ணு, நடத்துனவருக்கு ஒண்ணுன்னு பிரிச்சு, செமஸ்டர் பாதியிலயே குடுங்க, எல்லாம் முடிஞ்சப்புறம் கேட்டா எங்களுக்கு என்ன பிரயோஜனம். ஃபீஸ் ஏத்துறப்ப மட்டும் தரம் தரம்னு சொல்றாங்கல்ல, அதுல கொஞ்சம் இதுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
மாலை நேர மாணவர், ஈசூன்