இடது பக்கம் நில், மகளே

அன்புள்ள மகளுக்கு,

"இந்த நிலைமையில் யோகா எதற்குப்பா, விழுந்து வைத்தால் என்ன செய்வது?" என்று போனில் கேட்டாய். நீளமாகப் பேசினால் எனக்கு இன்னும் நாக்கு குழறுகிறது. அதனால் எழுதுகிறேன்.

மூளையின் வலது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்ததால் என் இடது கையும் காலும் விழுந்தன. இது உனக்குத் தெரியும். முதல் சில வாரம் அந்தக் கை என்னுடையது என்ற நினைப்பே எனக்கு இல்லாமல் போனதை உன்னிடம் சொன்னதில்லை. கை கதவில் மாட்டிக்கொண்டிருக்கும், நான் பாட்டுக்கு நடக்கப் பார்ப்பேன். தட்டில் இடப்பக்கத்துச் சாப்பாடு அப்படியே மிஞ்சும். அம்மாதான் தட்டைத் திருப்பி வைப்பாள்.

என்னை எழுப்பி நடக்க வைத்தது பிசியோதெரபி. அதை இன்றும் விடவில்லை, மாத்திரையும் ஒரு வேளை தவறியதில்லை. டாக்டர் சரி என்ற பிறகுதான், பக்கவாதம் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகிய ஒரு யோகா ஆசிரியையிடம் சேர்ந்தேன்.

ஆட்டம் இல்லாத ஒரு நாற்காலி, பக்கத்தில் சுவர். பயிற்சி முழுக்க அங்கேதான். உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தரையில் பதிக்க வேண்டும். "இடது குதிகாலில் எவ்வளவு பாரம் இருக்கிறது, கவனியுங்கள்" என்பார் ஆசிரியை. முதல் நாள் காலுக்கு அடியில் தரை இருப்பதே தெரியவில்லை. கண்ணால் பாதத்தைப் பார்த்துக்கொண்டே, மூச்சை வெளியே விடும்போது மெல்ல அழுத்துவேன். பிறகு தளர்த்துவேன். மறுபடியும் அழுத்துவேன். நாலாவது வாரம் என்று நினைக்கிறேன், தரையின் குளிர்ச்சி குதிகாலில் தெரிந்தது. அன்றைக்கு அழுதுவிட்டேன், அம்மாவைக் கேள்.

மூளையில் செத்த செல் திரும்ப வராது. மிச்சமிருக்கும் பகுதிகள் அதன் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்ளும், அதற்கு ஒரே அசைவை மனம் வைத்துத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். அந்த மனம் வைப்பதுதான் எனக்கு வராமல் இருந்தது. அதைப் பழகத்தான் யோகா.

நீ ஆதாரம் கேட்பவள். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் கோக்ரேன் அமைப்பு, பக்கவாதத்துக்கு யோகா உதவுமா என்று பார்த்து 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் தேறியவை 2 ஆய்வுகள்தான், மொத்தம் 72 பேர். பதற்றம் குறையக்கூடும் என்கிறார்கள், அதையும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு அதுவே பெரிது, மகளே. காலில் பலம் வந்த பிறகும் என்னைக் கட்டிலோடு கட்டிப்போட்டது விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான்.

தலைகீழாக நிற்பது, மூச்சை அடக்குவது, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி எதுவும் எனக்குக் கிடையாது. பிரஷர் ஏறிவிடும். களைத்தால் பாதியிலேயே நிறுத்திப் படுத்துவிடுவேன்.

இன்னொன்று. போன தடவை நான் எழும்போது தடுமாறியதும் ஓடிவந்து இடது கையைப் பிடித்துத் தூக்கினாய். பாசத்தில் செய்தாய், தெரியும். ஆனால் தசை தளர்ந்த தோள், இழுத்தால் மூட்டிலிருந்து இறங்கிவிடக்கூடும். இரண்டு வாரம் வலித்தது, சொன்னால் நீ வருந்துவாய் என்று மறைத்தேன். அடுத்த தடவை வரும்போது என் இடது பக்கம் ஒட்டி நில், போதும். பாதத்தைப் பதித்து, மூச்சை விட்டு, நானே எழுந்துகொள்கிறேன். கொஞ்சம் நேரமாகும், பொறுத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா