நீச்சல் தெரியாமல் வளரும் கடற்கரைப் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளையை வாழ்க்கைக்குத் தயார்படுத்துவது என்றால் புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம், அதற்கெல்லாம் ரியூசன் என்றுதான் எங்கள் பக்கத்துப் பெற்றோர் நினைக்கிறார்கள். சரி, படிக்கட்டும். ஆனால் கடலும் களப்புமாகக் கிடக்கிற திருகோணமலையில் பதினாறு வயதாகியும் நீந்தத் தெரியாத பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்களே, அதிலும் பெண்பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

2021 நவம்பர் 23 அன்று கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடந்ததால் சனம் ஏறிப்போன படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்துபோனார்கள். பாதுகாப்பில்லாத படகுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள் பெரியவர்கள்தான், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அதற்காக, தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காமல் விடலாமா?

நான் கேட்பது போட்டிக்குப் போகிற நீச்சல் இல்லை. முதலில் பதறாமல் மல்லாந்து மிதக்கப் பழகட்டும். கடலுக்குள் இழுத்துக்கொண்டு போகிற நீரோட்டத்தில் அகப்பட்டால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக் கூடாது, எவ்வளவு பலசாலியும் களைத்துப் போவான். கரையோரமாகவே பக்கவாட்டில் நீந்தி அந்த இழுவையிலிருந்து விலகிவிட்டு அப்புறம்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். கூட்டாளி தத்தளித்தால் பின்னாலேயே குதிக்காமல் கயிறோ வெறும் பிளாஸ்டிக் கேனோ எறிந்து, சத்தம்போட்டு ஆட்களைக் கூப்பிட்டு, 1990 அம்புலன்சுக்கு அடிக்க வேண்டும். காப்பாற்றப் போனவனும் சேர்ந்து மூழ்குவது இதைச் சொல்லிக்கொடுக்காததால்தான்.

"கடல் பக்கமே போகாதே" என்று வெருட்டி வளர்த்தால் பிள்ளை போகாமல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். சோதனை முடிந்த அன்றே கூட்டாளிமாரோடு சொல்லாமல் போகும், அதுவும் நீந்தத் தெரியாமல். வாடைக்காற்றுக் காலத்தில் உப்புவெளி, நிலாவெளிக் கடல் எப்படிக் கொந்தளிக்கும், எந்த மாதத்தில் இறங்கவே கூடாது என்பதையும் அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெண்பிள்ளை இறங்கினால் ஊர் என்ன சொல்லும் என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உடம்பை மூடிய உடுப்போடு, பெண்களே பழக்கினால் யார் என்ன சொல்லப் போகிறார்கள்? ஓகஸ்ட் விடுமுறையில் கடல் அமைதியாகத்தான் இருக்கும். கடலை அறிந்த மீனவக் குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. உள்ளூராட்சி சபைகளும் பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களும் அவர்களுக்கு ஒரு கொடுப்பனவு கொடுத்து, உயிர்காப்பாளரையும் வைத்து, வருகிற விடுமுறையிலேயே பழக்கத் தொடங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
உப்புவெளி, திருகோணமலை.