மேடைக்குப் போகும் ஐந்து படிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் சென்ற வாரம் இரண்டு செய்திகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்திருந்தன. மேலே, ஒரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் சிலர் அதிகம் மேற்கோள் காட்டப்படும் ஆய்வாளர்கள் பட்டியலில் இடம்பெற்ற செய்தி. கீழே, அதே பல்கலைக்கழகத்தில் சமூக நீதிக் கருத்தரங்கு நடந்த செய்தி. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. பக்கம் அமைப்பவர்களுக்கு அது வழக்கமான கோடுதான். ஆனால் அதே கோட்டை 26 வருடம் மாதாமாதம் போட்டவள் நான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஒரு பல்கலைக்கழகத்தின் மாதச் செய்திமடலைத் தொகுக்கும் வேலை எனக்கு. இரண்டாம் பக்கம் 'ஆசிரியர் சாதனைகள்'. ஏழாம் பக்கம் 'வளாக நிகழ்வுகள்'. சாதனைப் பக்கத்துக்காக எல்லாத் துறைகளுக்கும் ஒரு படிவம் போகும். கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், அதன் தாக்கக் காரணி (அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்), பெற்ற நிதி, காப்புரிமை, விருது, வெளிநாட்டுப் பயணம் என்று ஏழு கட்டங்கள். நிரம்பி வந்ததை நான் தட்டச்சு செய்வேன். ஆய்வுக் கட்டுரைகளைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு சோதனை தோற்றுப்போய், மறுபடி தொடங்கி, மூன்று வருடம் கழித்து ஒரு கட்டுரை வெளியாகும்போது அந்த ஆசிரியர் முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த மகிழ்ச்சியை அச்சில் கொண்டுவந்தது எனக்கும் பெருமைதான்.

கணிதத் துறையில் ஓர் ஆசிரியை இருந்தார். முதலாமாண்டில் தடுமாறும் பிள்ளைகளை மாலை 5 மணிக்கு வரச் சொல்வார். 7 மணி வரை வகுப்பறை விளக்கு எரியும். வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள். அவர் கரும்பலகைப் பக்கமே போகமாட்டார். நாலைந்து பேராக உட்காரவைத்து, பாடத்தில் இருப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுப்பார். பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் வாதாடிப் போடுவார்கள். தப்பாகப் போகிற இடத்தில் "ஏன் இப்படிப் பண்ணினே?" என்று மட்டும் கேட்பார். நான் வேலை முடிந்து அந்த வராந்தா வழியாகப் போகும்போது உள்ளே ஒரே சத்தமாக இருக்கும். கணக்கைப் பற்றிய சத்தம்.

ஒருமுறை எங்கள் படிவத்தின் ஓரத்தில் அவர் பென்சிலால் ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தார், அந்த மாலை வகுப்பைப் பற்றி. இதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "கட்டம் இல்லைன்னா விட்டுடுங்க" என்றார். விட்டுவிட்டேன்.

பல வருடங்கள் கழித்து யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியரைப் பற்றிப் படித்தபோது அந்த வராந்தா ஞாபகம்தான் வந்தது. 1970களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். காரணம் கேட்டால் அங்கிருந்த ஆசிரியர்களிடம் பதில் தயாராக இருந்தது: ஆர்வம் இல்லை, பள்ளி அடிப்படை சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை. ட்ரைஸ்மன் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. 20 கறுப்பின மாணவர்களும் 20 சீன வம்சாவளி மாணவர்களும் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். சொன்ன காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். மற்றவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் தப்பை ஒருவர் திருத்திக்கொண்டு படித்தார்கள். அவர் அதையே ஒரு பயிலரங்காக மாற்றினார். பின்தங்கியவர்களுக்கான எளிய வகுப்பாக இல்லாமல், கடினமான கணக்குகளைக் கூடிப் போடும் இடமாக. அதில் சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. 1992இல் அவருக்கு மக்ஆர்தர் நல்கை என்ற பெரிய அமெரிக்க விருது கிடைத்தது.

ட்ரைஸ்மன் செய்தது ஆசிரியர் சாதனையா, சமூக நீதியா? என் செய்திமடலாக இருந்தால் எந்தப் பக்கத்தில் போட்டிருப்பேன்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இரண்டாம் பக்கம், ஏழாம் பக்கம் என்று பிரித்ததே தப்பு என்றுதான் தோன்றுகிறது.

அந்தப் படிவத்தின் மூன்றாவது கட்டம், தாக்கக் காரணி, எங்கிருந்து வந்தது என்பதும் பலருக்குத் தெரியாது. அமெரிக்கத் தகவலியல் அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு தொடங்கிவைத்த அந்த எண், எந்த இதழ்களை வாங்கலாம் என்று நூலகர்கள் முடிவு செய்யப் பயன்பட்டது. தனியொரு ஆசிரியரின் உழைப்பை அதை வைத்து எடைபோடக் கூடாது என்று ஆய்வாளர்களே 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி ஓர் அறிக்கை எழுதி, 2013இல் வெளியிட்டார்கள். அப்புறம் எத்தனையோ நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டன. எங்கள் படிவம் மாறவில்லை.

பட்டியலில் விடுபடுவது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஜெர்மன் கணித அறிஞர் எம்மி நோதர்தான் நினைவுக்கு வருவார். எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பல வருடம் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தவர். 1915இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு அழைக்கப்பட்டபோது, பெண் என்பதால் அங்கே ஆசிரியப் பதவி தர மறுத்தார்கள். அவர் நடத்திய வகுப்புகள் அறிவிப்பில் அங்கிருந்த கணிதப் பேராசிரியர் டேவிட் ஹில்பர்ட் பெயரில் வந்தன. இயற்பியலின் அடித்தளத்தையே விளக்கிய தேற்றத்தை 1918இல் வெளியிட்டவரின் நிலை அது. அந்த அறிவிப்பையும் என்னைப் போல ஓர் அலுவலக ஊழியர்தான் தட்டச்சு செய்திருப்பார். சொன்னதைச் செய்திருப்பார்.

நம் நாட்டு இயற்பியலாளர் அன்னா மணிக்கும் ஒரு கட்டம்தான் குறுக்கே நின்றது. பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தையும் மாணிக்கத்தையும் ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு, 1945இல் முனைவர் பட்ட ஆய்வேட்டையும் கொடுத்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் தரவில்லை. பிறகு அவர் வானிலைத் துறையில் நாட்டுக்கே கருவிகள் செய்து கொடுத்தது வேறு கதை.

சரி, ஏழாம் பக்கத்துக்கு வருகிறேன்.

பிப்ரவரி 20 உலக சமூக நீதி நாள். ஐ.நா. பொதுச்சபை 2007இல் அறிவித்து, 2009 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. எங்கள் வளாகத்திலும் வருடந்தவறாமல் நடக்கும். உரை, உறுதிமொழி, கட்டுரைப் போட்டி, பரிசு. ஒரு வருடம் முதல் பரிசு பெற்றவர் சக்கர நாற்காலியில் வரும் மாணவர். சமத்துவம் பற்றித்தான் கட்டுரை. பெயர் கூப்பிட்டார்கள். மேடைக்கு ஐந்து படி, சாய்தளம் கிடையாது. அவர் முதல் படிக்கு முன்னால் வந்து நின்றார். தூக்கிவிட இரண்டு பேர் ஓடினார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டார். துணைவேந்தர் இறங்கி வந்து பரிசைக் கொடுத்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது. எனக்கும் கண் கலங்கியது. 'மேடையிலிருந்து இறங்கி வந்து பரிசளித்த துணைவேந்தர்' என்று படத்தின் கீழே எழுதினேன்.

இதழ் வெளியான மறுநாள் அந்த மாணவர் என் அறை வாசலுக்கு வந்தார். "மேடம், அவர் இறங்கி வந்தார்னு போட்டிருக்கீங்க. நான் ஏன் ஏறலைன்னு போடலையே" என்றார். கோபமே இல்லை குரலில். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கேட்டது மட்டும் அப்படியே இருக்கிறது.

இதற்கு அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். கட்டடப் பொறியியல் துறையில் ஓர் ஆசிரியர், மூன்றாமாண்டு மாணவர்களின் களப்பயிற்சியாக வளாகத்தின் எல்லா வாசல்களையும் அளக்கச் சொன்னார். டேப், ரசமட்டம், நோட்டு சகிதம் பிள்ளைகள் ஒரு மாதம் அலைந்தார்கள். ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம் இருந்தால்தான் சாய்தளத்தில் சக்கர நாற்காலி பாதுகாப்பாக ஏறும். அரங்க மேடையின் படி ஒவ்வொன்றும் 15 செ.மீ. ஐந்து படிக்கு 75 செ.மீ. அப்படியென்றால் 9 மீட்டர் சாய்தளம் வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் நேராக 9 மீட்டர் இடமில்லை. நடுவில் ஒரு சமதளம் விட்டு, மடக்கிக் கொண்டுவரலாம் என்று ஒரு மாணவி வரைந்து காட்டினார். கழிப்பறைகளில் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். பெரும்பாலான இடங்களில் இல்லை. அறிக்கை கட்டடப் பிரிவுக்குப் போனது. அந்த ஆசிரியர் விடாமல் நடையாய் நடந்தார். அடுத்த வருடம் மேடைக்குச் சாய்தளம் வந்துவிட்டது.

அந்த வேலை எந்த இதழிலும் கட்டுரையாக வரவில்லை. அதனால் இரண்டாம் பக்கத்துக்கு வரவில்லை. நிகழ்வு இல்லை என்பதால் ஏழாம் பக்கத்துக்கும் வரவில்லை.

இன்னொன்றையும் நான் கவனித்தேன். சமூக நீதி நாள் ஏற்பாடுகள் ஒவ்வொரு வருடமும் அதே இரண்டு மூன்று பேர் தலையில்தான் விழும். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வந்த இளம் ஆசிரியர்கள், பெரும்பாலும் பெண்கள். பேச்சாளரை அழைப்பது, அரங்கம் பிடிப்பது, உடைந்துபோய் வரும் மாணவர்களிடம் உட்கார்ந்து பேசுவது எல்லாம் அவர்களே. அந்த நேரத்தில் பக்கத்து அறைக்காரர் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பார். பதவி உயர்வு நேரத்தில் யாருடைய கட்டங்கள் நிரம்பியிருக்கும்? அமாதோ பாடில்லா என்ற அறிஞர் 1994இலேயே இதற்குப் 'பண்பாட்டு வரி' என்று பெயர் வைத்தார். நீதிக்காக உழைப்பவரிடமே வசூலிக்கப்படும் வரி. இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பொறுக்காது.

தங்கள் சாதனையால் பிறருக்குக் கதவு திறந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். வானியலாளர் ஜோஸ்லின் பெல் பர்னல் 1967இல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது துடிவிண்மீன்களை (பல்சர்) கண்டுபிடித்தார். 1974இல் அதற்கான நோபல் பரிசில் அவருடைய ஆசிரியர் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. 2018இல் 30 லட்சம் டாலர் பிரேக்த்ரூ என்ற அறிவியல் பரிசு வந்தபோது முழுத் தொகையையும் இயற்பியலில் வாய்ப்பு குறைந்த பிரிவு மாணவர்களின் முனைவர் படிப்புக்குக் கொடுத்துவிட்டார். பட்டியலில் விடுபட்டவர் கையில் பட்டியல் கிடைத்தால் என்ன செய்வார் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் அவர்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பல்கலைக்கழகங்கள் அந்தப் படிவத்தில் எட்டாவதாக ஒரு கட்டம் சேர்க்கட்டும். இந்த வருடம் யாருக்கு வழி திறந்தீர்கள், அது எப்படித் தெரிந்தது என்று கேட்கட்டும். இதையெல்லாம் அளக்க முடியாது என்பார்கள். ரசமட்டம் வைத்து அளந்த பிள்ளைகளை நான் பார்த்தேன், முடியும். பதவி உயர்வுக் குழு அந்தக் கட்டத்தையும் மற்ற ஏழு கட்டங்களைப் போலவே படிக்க வேண்டும். இல்லாவிட்டால் அது இன்னொரு வேலையாகி அதே இரண்டு மூன்று பேர் தலையில்தான் போய் விழும். சமூக நீதி நிகழ்ச்சியின் முதல் பத்து நிமிடத்தை, போன வருட மேடையில் மாணவர்கள் கேட்டது என்ன, அதில் நடந்தது என்ன என்று வாசிக்க ஒதுக்கட்டும். உறுதிமொழி அதற்கு அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். வளாகத்திலிருந்து வரும் செய்திக் குறிப்பை எழுதுபவர் என்னைப் போன்ற ஒருவர்தான். கொடுத்த கட்டங்களுக்குள் இருப்பதைத்தான் அவரால் எழுத முடியும். கருத்தரங்குக்கு வரும் நிருபர், மேடையில் பேசியவரோடு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவரிடமும் ஒரு கேள்வி கேட்கலாம். சாதனைப் பட்டியலில் வந்த பேராசிரியரிடம் அவருடைய ஆய்வு மாணவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்கலாம். நல்ல பேராசிரியர்கள் அதைச் சொல்லக் காத்திருப்பார்கள்.

அன்று விட்டுவிட்ட வரியை மறக்க முடியவில்லை. அந்த ஆசிரியை ஓய்வு பெற்றுவிட்டார், செய்திமடலில் இனி சேர்க்கவும் வழியில்லை. உங்கள் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன். இது அச்சில் வந்தால் பக்கத்தை வெட்டி அவருக்கு அனுப்பிவைப்பேன்.

'கணிதத் துறை: மாலை வகுப்பு. வந்தவர்கள் 31 பேர். தேறியவர்கள் 24 பேர். மற்ற 7 பேரும் இன்னும் வருகிறார்கள்.'

இப்படிக்கு,
ஒரு பல்கலைக்கழகச் செய்திமடலின் முன்னாள் தொகுப்பாளர்
(பெயர் வெளியிட வேண்டாம்)