அந்தக் கண்ணாடி அலமாரியைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

வணக்கம். எல்.கே.ஜி. படிக்கும் ஒரு சிறுவனின் தாய் எழுதுகிறேன். கடந்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் நான் கேட்டதற்கு, "நேரமாகிவிட்டது, பிறகு பேசலாம்" என்றீர்கள். ஜூன் மாதமும் இதே பதில்தான் கிடைத்தது. அதனால்தான் இந்த மடல்.

வகுப்பறையின் பின்சுவரில் இருக்கும் கண்ணாடி அலமாரியைப் பற்றித்தான் கேட்டேன். இளஞ்சிவப்புக் கோபுரம், குமிழ் வைத்த உருளைகள், உப்புத்தாள் எழுத்துகள், பொத்தான் சட்டங்கள் என்று பிள்ளைகள் கையால் எடுத்துப் பழக வேண்டிய மாண்டிசோரி கருவிகள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. கதவில் பூட்டு தொங்குகிறது. கோபுரத்தின் பத்துக் கட்டைகளும் சேர்க்கையன்று பார்த்த அதே அடுக்கில் நிற்கின்றன, தூசியோடு. பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள் என்றார் ஆசிரியை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.

என் மகனுக்கு நான்கு வயது. தினமும் நான்கு கோடு நோட்டில் மூன்று பக்கம் எழுத வேண்டும். விரல் நுனி வெளுக்கும் அளவுக்குப் பென்சிலை இறுக்கிப் பிடிக்கிறான். முனை உடைகிறது. எழுத்து கோட்டைத் தாண்டினால் மறுநாள் சிவப்பு மையில் 'மீண்டும் எழுதவும்' என்று வருகிறது. போன புதன்கிழமை இரவு, அழித்து அழித்துத் தாளில் ஓட்டை விழுந்ததும் நோட்டை மூடினான். வலது கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். வெளியே எடுக்கச் சொன்னால் அழுகை. அந்தக் கையோடுதான் தூங்கினான்.

நான் தையல் தொழில் செய்பவள். பழக வரும் பெண்ணிடம் முதல் நாளே ரவிக்கைத் துணியை வெட்டக் கொடுக்க மாட்டோம். காஜா எடுத்து, ஹெம்மிங் போட்டு, முதலில் விரல் பழக வேண்டும். அந்த உருளைகளின் வேலையும் அதுதான். குமிழைப் பிடிக்கக் கட்டைவிரல், ஆள்காட்டிவிரல், நடுவிரல் மூன்றும் வேண்டும். பென்சிலுக்கும் அதே மூன்று விரல்கள்தான். ஒவ்வோர் உருளைக்கும் கட்டையில் அதனதன் அளவில் ஒரு குழி உண்டு. குழி மாற்றிப் போட்டால் கடைசியில் ஓர் உருளை இடமில்லாமல் கையில் நிற்கும். சிவப்பு மை இல்லாமலே பிள்ளை தன் பிழையைக் கண்டுகொள்ளும்.

ரோமில் 1907இல் தொடங்கிய பள்ளியில், ஒரு சின்னஞ்சிறு பெண் இந்த உருளைகளை நாற்பது தடவைக்கும் மேல் எடுத்து எடுத்துப் பொருத்தியதையும், சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாட வைத்தும் அவள் கவனம் கலையாததையும், இந்தக் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி எழுதியிருக்கிறார். அதே அம்மையார் 1939இல் நம் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கியவர். அவர் பெயரைப் பள்ளிப் பலகையில் எழுதிவிட்டு அவர் கருவிகளைப் பூட்டி வைப்பது என்ன நியாயம்? பூட்டிய பொருளுக்கு எங்களிடம் உபகரணக் கட்டணம் வாங்கியது என்ன நியாயம்?

என் மகனுக்குக் கவனம் இல்லை என்று மதிப்பீட்டு அட்டையில் எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு தட்டில் கொண்டைக்கடலையையும் மொச்சையையும் கலந்து, இரண்டு கிண்ணங்களில் பிரிக்கச் சொன்னேன். அரை மணி நேரம் குனிந்த தலை நிமிரவில்லை. பிரித்து முடித்ததும் தானே மறுபடி தட்டில் கொட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தான்.

எங்கள் மேலும் தவறு உண்டு. நோட்டு நிரம்பியிருந்தால்தான் கட்டிய பணத்துக்குப் படிப்பு நடக்கிறது என்று நம்பும் பெற்றோர் நிறையப் பேர். அவர்களுக்குப் பயந்து பள்ளிகள் எழுத வைக்கின்றன. பள்ளிகளைப் பார்த்து அவர்கள் இன்னும் கேட்கிறார்கள். நடுவில் நசுங்குவது நான்கு வயதுக் கை. மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

தினமும் காலையில் நோட்டை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம் அலமாரியைத் திறந்துவிடுங்கள். பாயை விரித்து, பிள்ளைகள் கையில் கொடுங்கள். கோபுரத்தின் ஒரு சென்டிமீட்டர் கட்டை தொலையத்தான் செய்யும்; அந்தச் செலவில் என் பங்கைத் தருகிறேன். பொத்தான் சட்டத்தின் துணி கிழிந்தால் கூலி இல்லாமல் தைத்துத் தருகிறேன். பூட்டை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை மகனை விட வரும்போது வகுப்பறை வாசலில் நின்று பார்ப்பேன்.

இப்படிக்கு,
எல்.கே.ஜி. மாணவன் ஒருவனின் தாய்