பாப்பா கேட்ட வண்ணப்பூ

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மருத்துவர் சொன்னதை அவர் செய்வதில்லை, நானும் சொல்வதை விடவில்லை. மற்றதையெல்லாம் உன் தம்பி சொல்லியிருப்பான்.

பாப்பா போனில் கேட்டாளே, கறுப்புப் பேனாவிலிருந்து நீலமும் சிவப்பும் எடுப்பது எப்படி என்று, அதற்காகத்தான் எழுதுகிறேன். நாள் முழுவதும் இதே வேலையைப் பெரிய இயந்திரத்தில் செய்து மருந்தின் தூய்மையைச் சோதிக்கிறவளுக்கு, டம்ளரையும் தாளையும் வைத்து நான் பாடம் நடத்துவது உனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரி. நீ சிரித்துக் கேட்டு நாளாகிறது. நான் எழுதுவது பாப்பாவுக்கு. நீ பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். அவள் கையில் கொடுத்து "நீயே படித்துக்கொள்" என்று போய்விடாதே.

உறைக்குள் வட்ட வடிதாள்கள் வைத்திருக்கிறேன். தீர்ந்துபோனால் காபி வடிகட்டும் தாளே போதும். வழவழப்பான தாள் வேண்டாம், அது தண்ணீரை லேசில் உறிஞ்சாது. ஸ்கெட்ச் பேனா தண்ணீரில் கரையும் வகையாக இருக்க வேண்டும். அழியாத மை என்று போட்டிருந்தால் புள்ளி வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், பிள்ளை அழும்.

முதலில் பட்டை, பிறகுதான் பூ. விரலகலத்துக்கு ஒரு நீளத்துண்டு வெட்டி, கீழ் விளிம்பிலிருந்து 2 செ.மீ. மேலே பென்சிலால் ஒரு கோடு. பென்சிலால்தான். பேனாவால் போட்டால் கோடும் கரைந்து மேலே ஏறிவிடும். கோட்டின் நடுவில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, காயவிட்டு, அதன் மேலேயே இன்னொரு தடவை. டம்ளரில் 1 செ.மீ. உயரத்துக்கு மட்டும் தண்ணீர். துண்டின் மேல்நுனியை ஒரு பென்சிலில் ஒட்டி, அந்தப் பென்சிலை டம்ளரின் வாய்க்குக் குறுக்கே வைத்தால் துண்டின் கீழ்நுனி மட்டும் தண்ணீரைத் தொடும். புள்ளி தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும், இதைத் திரும்பவும் சொல்கிறேன். மூழ்கினால் மை முழுவதும் டம்ளரில் கரைந்து போய்விடும், தாளில் ஒன்றும் ஏறாது.

அதன்பிறகு யாரும் தொடக்கூடாது. நீயும்தான். அவசரப்பட்டுத் துண்டைத் தூக்கிப் பார்க்கிற பழக்கம் உனக்கு இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தண்ணீர் ஏன் மேல்நோக்கிப் போகிறது என்று அவள் கேட்பாள். கேட்காவிட்டால் நீ கேள். தாள் என்பது செல்லுலோஸ் நார்களின் பின்னல். நார்களுக்கு நடுவே மிக நுண்ணிய இடைவெளிகள் இருக்கின்றன. தண்ணீர் மூலக்கூறுகளுக்கு அந்த நார்மீது ஒட்டிக்கொள்ளும் இயல்பு உண்டு, ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் இயல்பும் உண்டு. முன்னால் போனது நாரில் ஒட்ட, பின்னால் வருவதும் சேர்ந்து இழுபட்டு மேலே வரும். போகிற வழியில் மையைக் கரைத்துக் கூட்டிக்கொண்டு போகும். கறுப்பு என்று நாம் வாங்குவதில் பெரும்பாலும் பல சாயங்கள் கலந்திருக்கும். தண்ணீரோடு அதிகம் ஒத்துப்போகிற சாயம் தொலைவு போகும். தாளோடு ஒட்டுகிற சாயம் கீழேயே தங்கிவிடும். இதை வைத்துக்கொண்டு மனித வாழ்க்கைக்கு உவமை சொல்ல மாட்டேன், அது உன் அப்பாவின் வேலை.

மஞ்சள் பேனா பெரும்பாலும் பிரியாது, மஞ்சளாகவே ஏறும். செய்முறை கெட்டுவிட்டது என்று அவள் நினைக்கக்கூடும். அதில் ஒரே சாயம்தான் இருக்கலாம் என்று சொல். பழுப்பும் பச்சையும் நன்றாகப் பிரியும், அவற்றை எடுத்துக் கொடு.

துண்டு காய்ந்ததும் அளவுகோலை எடுக்கச் சொல். பென்சில் கோட்டிலிருந்து தண்ணீர் 8 செ.மீ. ஏறி, நீலம் 6 செ.மீ. ஏறியிருந்தால் 6-ஐ 8-ஆல் வகுக்க 0.75. அதே தாள், அதே தண்ணீர், அதே சாயமாக இருந்தால் இந்த எண் ஏறக்குறைய அதேதான் வரும். வகுத்தல் இன்னும் பள்ளியில் வரவில்லை என்றால் நீ போட்டுக் காட்டு. தண்ணீர் ஏறி நின்ற இடத்தைத் துண்டை எடுத்த உடனே பென்சிலால் குறித்துவிட வேண்டும், காய்ந்த பிறகு தெரியாது.

இதை வைத்துத் துப்பறியும் விளையாட்டும் உண்டு. வெவ்வேறு நிறுவனங்களின் கறுப்புப் பேனாக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் ஒரு பேனாவால் வடிதாளில் கடிதம் எழுத, ஒருவர் பேனாக்களை இடம் மாற்றி வைக்க, ஒருவர் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பாப்பாவிடம் சொன்னேன். "இரண்டு பேர் விளையாடுவது எப்படி என்று சொல்லுங்கள் பாட்டி" என்றாள். சொன்னேன். எழுதுகிறவரே பேனாக்களை மாற்றியும் வைக்கலாம், ஒன்றும் குறையாது. வேறெதுவும் நான் கேட்கவில்லை. குழந்தையிடம் கேட்கிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும்.

பூவுக்கு வருகிறேன். வட்டத் தாளின் நடுவில் சிறிய துளை. துளையைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளி வண்ணப் புள்ளிகளோ இதழ்களோ அவள் விருப்பம். இன்னொரு துண்டுத் தாளைத் திரியாகச் சுருட்டித் துளையில் செருகி, வட்டத்தை டம்ளரின் மேல் படுக்க வைத்தால் திரி வழியாகத் தண்ணீர் ஏறி நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் பரவும். வண்ணங்கள் வளையம் வளையமாக விரிந்து போகும். ஒரே பேனாவால் ஒரே மாதிரி புள்ளி வைத்தாலும் இரண்டு பூக்கள் ஒன்றுபோல் வருவதில்லை. அச்சடித்த அட்டையில் கோட்டுக்குள் வண்ணம் அடிக்க வைக்கிறார்களே, அதில் எனக்குப் பிடித்தம் இல்லாததற்கு இதுதான் காரணம். ஈரத்தில் தாள் கிழியும், தட்டையாகப் போட்டு நன்றாகக் காய்ந்த பிறகு நடுவில் கிள்ளி நூலால் கட்டினால் பூ.

ஜெர்மனியில் ஃபிரீட்லீப் ரூங்கே என்ற வேதியியலாளர் 1850-களிலேயே வடிதாளில் ரசாயனக் கரைசல்களைச் சொட்டுச் சொட்டாக விட்டு, தாமாக உருவான இப்படிப்பட்ட படங்களைப் புத்தகமாகவே போட்டார். பொருளுக்குள் ஏதோ உருவாக்கும் வேட்கை இருக்கிறது என்று நம்பினார். இலையின் சாற்றைச் சுண்ணத்தூள் நிரப்பிய குழாயில் இறக்கிப் பச்சையையும் மஞ்சளையும் பிரித்து, இந்த முறைக்கு 1906-இல் குரோமட்டோகிராபி என்று பெயர் வைத்தவர் மிகயீல் ஸ்வெட். இதைப் பள்ளிக் கண்காட்சியில் நீ மூச்சு விடாமல் சொன்னதும், தலைமையாசிரியர் உன்னைத் திரும்பச் சொல்லச் சொன்னதும் அப்பா இன்னும் வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு அலுப்பதே இல்லை. "நலம்" என்ற ஒரு சொல்லை நீ அனுப்பினாலும் அதைக்கூட வாய்விட்டுப் படித்துக் காட்டுகிறார். அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுது என்கிறேன்.

இலையை வைத்தும் செய்யலாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். அதற்குத் தண்ணீர் உதவாது, ஆல்கஹால் வேண்டும். அதை நீதான் ஊற்ற வேண்டும், ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு எதுவும் எரியாதபோது. இலையை நசுக்கி ஊறவைத்து, அந்தச் சாற்றில் தாள் துண்டின் நுனியை நிறுத்தினால் பச்சையம் ஒரு பட்டையாகவும், இலைக்குள் முன்பே இருந்த மஞ்சள் இன்னொரு பட்டையாகவும் வரும். இதையெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ஆனால் இரவு வேலை முடித்து வந்து செய்யாதே. தூங்கு. நீ விடியும்வரை விழித்திருக்கிறாய் என்று பாப்பா சொல்லவில்லை, உன் குறுஞ்செய்தி வருகிற நேரத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வடிதாள்களில் ஒன்றின் ஓரத்தில் பென்சிலால் மாப்பிள்ளையின் பெயரை எழுதியிருக்கிறேன். மூவருக்கும் தனித்தனியாக இருக்கட்டும் என்று முதலிலேயே எழுதியது. அழிக்கப் பார்த்தேன், தாள் கிழிகிறது, விட்டுவிட்டேன். அவர் இருந்தால் கொடு. இல்லையென்றால் நீ அதையே பயன்படுத்திக்கொள், தாளில் ஒன்றும் குறையில்லை.

அப்பாவிடம் நான் எதுவும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, எனக்கே எதுவும் தெரியாதே.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவர் தூங்கும் நேரத்தில் அழைக்கிறேன். பாப்பாவுக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு டம்ளர் வைத்துக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, நீ அடுத்த அறைக்கு வந்து எடு. தண்ணீர் ஏறி முடிய இருபது நிமிடமாவது ஆகும், அதுவரை அவள் எழுந்து வர மாட்டாள்.

அன்புடன்,
அம்மா